ஒரு தேத்தண்ணியில் ஒரு ரூபா

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கையில் போன் இருந்தால் நீங்களும் போட்டுப் பாருங்கோ.

மலையகத்துத் தோட்டமொன்றில் ஒரு பெண் ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுக்கிறார் என்று வைப்போம். இது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 16 கேட்கிற இடமும் இருக்கு, 20 கேட்கிற இடமும் இருக்கு. நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்திச் சலித்தால் ஒரு கிலோ தேயிலைத் தூள் வரும். ஆக அவருடைய ஒரு நாள் உழைப்பு நாலு கிலோ தூள். கோப்பைக்கு இரண்டரைக் கிராம் என்று தாராளமாகப் போட்டாலும் ஒரு கிலோவில் 400 தேத்தண்ணி, நாலு கிலோவில் 1,600. எங்கட கடைகளில் சாயம் இழுக்கிற இழுவைக்கு இரண்டாயிரமும் வரும், அதை விடுவம்.

இனிக் கூலி. 2024 செப்டெம்பரில் நாட்கூலி 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. 2025 நவம்பரில் வாசித்த வரவுசெலவுத்திட்டம் அதை 1,550 ஆக்கி, வேலைக்கு வந்த நாளுக்கு மேலதிகமாக 200 ரூபாவை அரசாங்கமே தரும் என்றது. கம்பனிகளுக்கு ஒரு சலுகையாக அந்த முழுத்தொகையையும் எடுப்போம்: 1,750. இதை 1,600 கோப்பைக்குப் பிரித்துப் பாருங்கோ.

ஒரு ரூபா ஒன்பது சதம்.

நீங்கள் 40 ரூபாவோ 50 ரூபாவோ குடுத்துக் குடிக்கிற வெறும் தேத்தண்ணியில், காலமை ஏழு மணிக்கே மலையேறி, அட்டைக் கடிக்கும் மழைக்கும் நடுவில் நின்று கொழுந்து கிள்ளினவரின் பங்கு அவ்வளவுதான். கவ்வாத்து வெட்டுகிறவர், புல்லு வெட்டுகிறவர், மருந்தடிக்கிறவர், தொழிற்சாலையில் நிற்கிறவர் எல்லாரையும் சேர்த்தால் கூடத்தான் செய்யும். அதையும் தாராளமாகவே வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு, இரண்டரை மடங்கு என்று போடுங்கோ. மூன்று ரூபாவைத் தாண்டாது.

இதைத்தான் நாங்கள் முதலில் மேசையில் வைக்க விரும்புகிறோம். ஏனென்றால் மலிவான சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் உடனே ஒரு பதில் வரும்: "தொழிலாளிக்குக் கூட்டிக் குடுத்தா விலை ஏறும், ஏறினா ஏழைதான் பாதிக்கப்படுவான்." கேட்க நியாயமாக இருக்கு. 2022இல் ஒரு நேரச் சாப்பாட்டை விட்டுவிட்டுத் தேத்தண்ணியோடு படுத்த சனம் உள்ள நாடு இது. விலை ஏறுகிற கதையைக் கேட்டாலே வயிறு கலங்கும். ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கொழுந்து எடுக்கிறவரின் கூலியை நாளைக்கே இரட்டிப்பாக்கி, அந்தச் சுமை முழுவதையும் எங்கட தலையில் போட்டாலும் 40 ரூபாத் தேத்தண்ணி 41 ரூபா ஆகும். அந்த ஒரு ரூபாவுக்காக இவ்வளவு வருசமாக ஒரு சமூகத்தை லயத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதை எங்களால் நம்ப முடியவில்லை. ஏழையின் தேத்தண்ணிக் கோப்பையைக் காட்டி வேறு யாரோ ஒளிகிறார்கள்.

யார் என்று பார்க்கலாம். அதற்கு முதல் ஒன்று: கடைக்காரரைப் பிடிக்காதையுங்கோ. தேத்தண்ணிக் கடைக்கு வாடகை இருக்கு, காஸ் இருக்கு, சீனி இருக்கு, கிளாஸ் கழுவுகிற பெடியனுக்குச் சம்பளம் இருக்கு. (அந்தப் பெடியன் யார் என்று கேட்டிருக்கிறீர்களா? வெள்ளவத்தையிலும் யாழ்ப்பாண நகரத்திலும் வவுனியாவிலும் கேட்டுப் பாருங்கோ. ஹட்டன் என்பான், மஸ்கெலியா என்பான், பண்டாரவளை என்பான். தாய் எடுத்த கொழுந்தின் சாயத்தை மகன் ஊத்தித் தருகிறான்.) கேள்வி கடைக்கு முன்னம் தொடங்குகிறது.

கொழும்புத் தேயிலை ஏலத்தில் 2024இல் ஒரு கிலோவின் சராசரி விலை 1,200 ரூபாவைச் சுற்றி நின்றது. அதே ஒரு கிலோ பெட்டிக்குள் போய், கடை தட்டில் ஏறி, கோப்பைகளாகும்போது 16,000 ரூபா ஆகிவிடும். தோட்டக் கம்பனிகள் முதலாவது தொகையை மட்டும் தூக்கிக் காட்டும்: "எங்களுக்குக் கிடைக்கிறதே இவ்வளவுதான், அதில பெரும்பங்கு கூலிக்கே போகுது." அந்த வட்டத்துக்குள் நின்று பார்த்தால் அது பொய்யும் இல்லை. ஆனால் தோட்டத்தை நடத்துகிற கம்பனிகள் பலவற்றின் தாய்க்குழுமத்துக்கே தேயிலை ஏற்றுமதிக் கம்பனியும், பொதி செய்கிற கம்பனியும் இருக்கின்றன. தோட்டத்தின் கணக்குப் புத்தகத்தில் நட்டம் எழுதுகிற அதே குடும்பத்தின் வேறொரு புத்தகத்தில் லாபம் எழுதப்படலாம். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு வரும்போது முதல் புத்தகத்தை மட்டும்தான் கொண்டுவருவார்கள்.

அந்தப் பேச்சுவார்த்தையின் கதையும் ஒருக்கால் ஞாபகப்படுத்த வேண்டியது. ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை 2015இலேயே வந்துவிட்டது. 2019இல் கிடைத்த அடிப்படைச் சம்பளம் 700. ஆயிரம் வந்தது 2021 மார்ச்சில், அதுவும் கூட்டு ஒப்பந்தத்தில் இல்லை, சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானியில். வந்த கையோடு கம்பனிகள் நீதிமன்றம் போயின. அடுத்த வருசம் ரூபா விழுந்து, அரிசி மா எல்லாம் இரண்டு மூன்று மடங்காகி, அந்த ஆயிரத்துக்கு ஒரு பெறுமதியும் இல்லாமல் போனது. 2024 மே தினத்தில் கொட்டகலையில் மேடையேறிய அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 என்று அறிவித்தார். திரும்பவும் நீதிமன்றம். செப்டெம்பரில் மிஞ்சியது 1,350. இப்போது வந்திருக்கிற கூட்டலில் 200 ரூபா எங்கட வரிக்காசு. அதாவது ஒரு தனியார் கம்பனி குடுக்கவேண்டிய கூலியின் ஒரு துண்டைப் பொதுமக்கள் கட்டுகிறோம். தொழிலாளிக்கு எங்கிருந்து வந்தாலும் காசு காசுதான், நாங்கள் அதை எதிர்க்கவில்லை. ஆனால் "மலிவு" என்ற சொல்லுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அந்த நாட்கூலியும் எல்லா நாளும் முழுசாக வராது. தோட்டத்துப் பாசையில் ஒரு நாள் வேலைக்கு "பேர்" என்று சொல்வார்கள். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர். பதினெட்டுக்குப் பதினாலு எடுத்தால், எடுத்த பதினாலும் தொழிற்சாலைக்குப் போகும், தூளாகும், விற்கும். பேர் மட்டும் பாதியாகும். கிடைத்ததில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழியும், சங்கத்துச் சந்தா கழியும், தீபாவளி முற்பணம் கழியும், கோயில் காசு கழியும். மாத முடிவில் சம்பளத் துண்டைப் பார்த்தால் அறிவித்த நாட்கூலியின் இலக்கமே அதில் எங்கேயும் தெரியாது.

கம்பனிகளுக்குப் பிடித்த சொல் உற்பத்தித்திறன். கென்யாவில் இவ்வளவு எடுக்கிறார்கள், தென்னிந்தியாவில் அவ்வளவு எடுக்கிறார்கள், எங்கட ஆக்கள் மட்டும் குறைய எடுக்கிறார்கள், பிறகு எப்படிச் சம்பளம் கூட்டுவது என்று கேட்பார்கள். கேள்வி யாரிடம் கேட்கப்படவேண்டுமோ அவரிடம் மட்டும் கேட்கப்படுவதில்லை. ஒரு பெண் எத்தனை கிலோ எடுப்பார் என்பதை அவருடைய விரல் மட்டும் தீர்மானிப்பதில்லை. தேயிலைத் தூருக்கு என்ன வயசு, உரம் போட்டதா, புல்லு வெட்டினதா, கவ்வாத்து நேரத்துக்கு நடந்ததா என்பதெல்லாம் தீர்மானிக்கும். இதில் ஒன்றுகூட அவருடைய கையில் இல்லை. ஆண்டுக்கு 2 வீதமாவது மறுநடுகை செய்யவேண்டும் என்பது பழைய பரிந்துரை. தோட்டங்கள் அதற்குக் கிட்டவும் போவதில்லை. பாட்டி எடுத்த தூரில்தான் பேத்தியும் எடுக்கிறார். 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குக் கைமாறினபோது சொன்ன காரணமே முதலீடு வரும் என்பதுதான்.

புல்லு வெட்டாததால் வருவது குறைந்த கொழுந்து மட்டும் இல்லை. தமிழ்ப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி மனப்பாடமாக இருக்கும்: "குளவிக் கொட்டுக்கு இலக்காகி தோட்டத் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் அனுமதி." ஊர்ப் பெயரையும் எண்ணிக்கையையும் மாத்தினால் எந்த மாதத்துக்கும் பொருந்தும். சில வேளை அனுமதியோடு முடியாது. தேயிலை மலை காடாகக் காடாகக் குளவிக்கூடும் பாம்பும் சிறுத்தையும் கிட்ட வருகின்றன என்று தொழிலாளர்கள் வருசக்கணக்காகச் சொல்கிறார்கள். துப்புரவு செய்யாமல் மிச்சம்பிடித்த காசு கம்பனியின் செலவுக் கணக்கில் குறையும். கொட்டு வாங்கினவரின் வலி எந்தக் கணக்கிலும் ஏறாது. மறைமுகச் செலவு என்று பொருளியல் பாடத்தில் படிப்பது இதைத்தான்.

இன்னொரு இலக்கம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 வீதம். தோட்டப்புறத்தில் 31.7 வீதம். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையின் காலைச் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டியும் சாயத் தேத்தண்ணியும். உலகத்துக்கு ஏற்றுமதியாகிற தேயிலையின் பெயர் சிலோன் டீ. 2024இல் அது கொண்டுவந்த வருமானம் 140 கோடி டொலரைத் தாண்டியது. அதை எடுத்த வீட்டில் பசியை அடக்கக் குடிப்பது டஸ்ட்.

இனி எங்களை மாதிரிப் படித்த பெடியள் பெட்டையளுக்குப் பிடித்த தீர்வுக்கு வருவம். லேபிள். பச்சைத் தவளை போட்ட பெட்டி, ஃபெயார்ட்ரேட் முத்திரை, "நெறிமுறையோடு பெறப்பட்டது" என்று அச்சடித்த கடதாசிப் பை. கொழும்பில் கஃபே ஒன்றில் 900 ரூபாவுக்கு அந்தத் தேத்தண்ணியைக் குடித்தால் மனசாட்சிக்கும் சேர்த்துப் பில் கட்டின மாதிரி ஒரு ஆறுதல். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் சுப்பர்மார்க்கெட்டில் அதைப் பார்த்துத்தான் எடுப்பதாகப் பெருமையாகச் சொல்வார்கள்.

முத்திரைகள் முழுக்கப் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. நஞ்சு மருந்து பாவிப்பதில், பாதுகாப்பு உடுப்பில், பிள்ளை மடுவத்தில் சில தோட்டங்களில் அவை மாற்றம் கொண்டுவந்திருக்கலாம். ஆனால் கூலி விசயத்தில்? ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் ஜெனிவீவ் லெபாரன் தலைமையிலான ஆய்வு 2018இல் வெளிவந்தது. இந்தியத் தேயிலைத் தோட்டங்களையும் கானாவின் கொக்கோப் பண்ணைகளையும் பார்த்த அந்த ஆய்வு, தொழிலாளர் நிலையில் முத்திரை உள்ள தோட்டத்துக்கும் இல்லாத தோட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. எங்கட நாட்டைப் பற்றி 2023இல் கார்டியன் பத்திரிகை எழுதியது. முத்திரை பெற்ற தோட்டங்களின் தொழிலாளர்கள், சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வாழ்வதையும் லயத்து நிலையையும் சொன்னார்கள். முத்திரை நிறுவனங்கள் விசாரிப்பதாகச் சொல்லின.

ஏன் இப்படி என்று விளங்கிக்கொள்வது கஷ்டமில்லை. கணக்காய்வாளர் வருகிற திகதி தோட்டத்துக்கு முன்னமே தெரிந்தால் பிரட்டுக்களம் கூட்டித் துப்புரவாகும். முத்திரைக்கான செலவைக் கட்டுவது தோட்டம். கேள்வி கேட்பதற்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் துரைமாரின் கை இருந்தால், பதில் எப்படி வரும் என்று சொல்லத் தேவையில்லை. மாணவனே பரீட்சைத் தாளும் எடுத்து, மேற்பார்வையாளருக்குச் சாப்பாடும் குடுக்கிற பரீட்சை இது. கொழுந்து எடுக்கிற பெண்கள் எழுதாத எந்த முத்திரையையும் அவர்களுடைய வாழ்க்கைக்குச் சாட்சியாக ஏற்க எங்களுக்கு மனமில்லை.

இதில் ஓர்கானிக் ஆட்களுக்கும் ஒரு சொல். 2021 ஏப்ரலில் கோட்டாபய ராஜபக்ச இரவோடிரவாக இரசாயன உரத்தை நிறுத்தினபோது இங்கேயும் சில பேர் கைதட்டினார்கள், மண்ணைக் காப்பாற்றப் போகிறார் என்று. நவம்பரில் தடையை எடுக்கவேண்டி வந்தது. 2021இல் கிட்டத்தட்ட 30 கோடிக் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடிச் சொச்சத்துக்கு விழுந்தது. உரம் இல்லாத தூரில் கொழுந்து வராது. வராத கொழுந்துக்கு அரைப்பேர் வாங்கினது யார் என்று நீங்களே யோசியுங்கோ. நல்ல உணவு என்ற பெயரில் மேலிருந்து வருகிற உத்தரவும் மலிவான உணவு செய்கிற வேலையைத்தான் செய்யும், செலவு போய்ச் சேருகிற முகவரி மாறாவிட்டால்.

அப்படியென்றால் என்ன செய்வது? கூடக் காசு குடுத்துக் குடிப்பதா? இல்லை. கூடக் குடுக்கிற பத்து ரூபா அந்தப் பெண்ணிடம் போகும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. முதலில் எங்கிருந்து வருகிறது என்று தெரியவேண்டும். இங்கேதான் எங்களுக்குக் கோபம் வருகிற இடம்.

தேயிலை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது, எல்லாம் கலந்துவிடும், சின்னத் தோட்டக்காரர் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள் என்று கம்பனிகள் சொல்லும். சின்னத் தோட்டக்காரர் இருக்கிறார்கள் என்பது உண்மை. நாட்டின் உற்பத்தியில் நாலில் மூன்று பங்கு அவர்களுடையது, காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கம். அவர்களுக்கும் தங்கட கொழுந்துக்குக் கிடைக்கிற விலையில் சண்டை இருக்கு. அது தனிக் கதை. ஆனால் கண்டுபிடிக்க முடியாது என்பது பச்சைப் பொய். கொழும்பு ஏலத்தில் ஒவ்வொரு தொகுதியும் அது வந்த தோட்டத்தின் அல்லது தொழிற்சாலையின் பெயரில்தான் விற்கிறது. "மார்க்" என்று சொல்வார்கள். ஏலப் பட்டியலில் மார்க் இருக்கும், தரம் இருக்கும், எத்தனை கிலோ என்று இருக்கும். தரகருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியும், சுவைத்துப் பார்க்கிறவர் சில வேளை கண்ணை மூடிக்கொண்டே எந்த மலை என்று சொல்லிவிடுவார். ஏலம் முடிந்து, கலவைக்குப் போய், பைக்கற்றுக்குள் இறங்கினபிறகுதான் தோட்டம் மறைகிறது.

அதிலும் எல்லாப் பைக்கற்றிலும் மறைவதில்லை. வெளிநாட்டுக்குப் போகிற விலைகூடின தகரப் பேணிகளைப் பாருங்கோ: ஒற்றைத் தோட்டத்துத் தேயிலை என்று தோட்டத்தின் பெயர், மலையின் உயரம், எந்தப் பருவத்தில் எடுத்தது என்று எல்லாம் அழகாக எழுதியிருப்பார்கள். பெயர் போட்டால் விலை ஏறுகிற இடத்தில் பெயர் இருக்கும். பெயர் போட்டால் கேள்வி வருகிற இடத்தில் பெயர் இருக்காது. எங்கட வீட்டுக் குசினியில் இருக்கிற 200 கிராம் பைக்கற்றில் சிங்க இலச்சினை இருக்கலாம். அது தேயிலை இந்த நாட்டில் விளைந்து இங்கேயே பொதி செய்யப்பட்டது என்று மட்டும்தான் சொல்லும். எடுத்தவருக்கு என்ன குடுத்தது என்று ஒரு சொல்லும் சொல்லாது.

ஆகவே நெறிமுறையோடு வாங்குவது என்றால் எங்களுக்கு முதல் அர்த்தம் மார்க்கைக் கேட்பது. உள்ளூரில் விற்கிற பைக்கற்றில் எந்தெந்தத் தோட்டங்களின் தேயிலை கலந்திருக்கு என்று அச்சடி என்று கேட்பது. தோட்டப் பெயர் தெரிந்தால் அங்கே பேருக்கு எத்தனை கிலோ கேட்கிறார்கள், கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்களா, மலையில் மலசலகூடம் இருக்கா, சேமலாப நிதி நேரத்துக்குக் கட்டுகிறார்களா என்று அங்கிருக்கிற சங்கங்களிடமும் பெண்களிடமும் கேட்கலாம். இது தனி ஆள் கடையில் நின்று செய்கிற வேலையில்லை. கிலோக் கணக்கில் வாங்குகிறவர்கள் செய்யவேண்டியது. பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலைகள், ஆஸ்பத்திரிக் கன்ரீன்கள், கோயில் திருவிழாக்கள், கலியாண மண்டபங்கள். அரசுசாரா நிறுவனங்களும்தான். உணவு இறைமை பற்றி இரண்டு நாள் பட்டறை வைத்து, பத்தரைக்கும் மூன்றரைக்கும் தேநீர் இடைவேளை விடுகிறவர்கள், அந்தத் தேநீர் எந்த மலையிலிருந்து வந்தது என்று ஒரு நாளாவது நிகழ்ச்சிநிரலில் போட்டால் நல்லது.

கம்பனிகள் இப்போது இன்னொரு கதையையும் கொண்டுவருகின்றன. நாட்கூலியே வேண்டாம், குடும்பத்துக்கு ஒரு துண்டு தேயிலை மலையைப் பிரித்துத் தருகிறோம், நீங்களே பராமரித்து எடுத்துக் கொழுந்தைக் கிலோவுக்கு எங்களிடம் தாருங்கள், நீங்களும் முதலாளிதான் என்கிறார்கள். சில குடும்பங்களுக்கு இதில் கையில் கூடக் காசு வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நேரமும் தங்கட கையில் இருக்கும். ஆனால் நிலம் அவருடையது இல்லை. விலையைத் தீர்மானிப்பது அவர் இல்லை. சேமலாப நிதியும் மகப்பேற்று விடுமுறையும் காணாமல் போகலாம். குளவி கொட்டினால் அது "முதலாளி"யின் சொந்தப் பிரச்சினை. உறுதியோடு காணியைக் குடுத்துவிட்டு இதைச் சொல்லட்டும், அப்போது கதைப்பம்.

காணி என்றவுடன் எல்லாம் அடியில் போய் முட்டும். 1820களில் தொடங்கி மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டுக்குள்ளால் நடந்து வந்த சனம். முதலில் கோப்பிக்கு, 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை போட்டதற்குப் பிறகு தேயிலைக்கு. இருநூறு வருசம் முடிந்ததை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அந்தப் பாதையைத் திரும்ப நடந்தார்கள். இன்றைக்கும் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் இருக்கிற குடும்பங்களுக்கு அந்த நிலம் சொந்தமில்லை. ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்று 2015க்குப் பிறகு சொல்லத் தொடங்கியது, தேவையின் ஒரு மூலையைத்தான் தொட்டிருக்கு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழைக்கு நுவரெலியா, பதுளை, கண்டிப் பக்கம் மலைகள் சரிந்தபோது, எந்தச் சரிவில் யார் ஏன் குடியிருந்தார்கள் என்று நாடே பார்த்தது. இறங்கிப் போக அவர்களுக்கு என்று ஒரு துண்டு நிலம் இருந்திருந்தால் அங்கே இருந்திருப்பார்களா?

வடக்குக் கிழக்கில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இது பக்கத்து வீட்டுக் கதை மாதிரித் தெரியக்கூடாது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட நேரத்தில் அரசாங்கத்தோடு சேர்ந்த தமிழ்த் தலைமையும் இருந்தது. அந்தச் சண்டையில் பிரிந்துதான் 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறிய சனத்தை "தோட்டக்காட்டார்" என்று கூப்பிட்ட வாய்கள் இன்னும் ஊரில் இருக்கு. கூலிக்கு ஆள் தேவைப்படும்போது மட்டும் அந்தக் கிராமங்களின் பெயர் ஞாபகம் வரும். தமிழர் உரிமை என்று கூட்டம் வைத்து, கூட்டத்தின் முடிவில் தேத்தண்ணியும் வடையும் குடுத்து அனுப்புகிறவர்களிடம் மலையகத்துச் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால், "அது அவையின்ட சங்கங்கள் பாக்கும்" என்கிறார்கள். சங்கங்கள் எப்படிப் பார்த்தன என்பது மேலே சொன்ன வருசக் கணக்கில் இருக்கு. ஒரு கோரிக்கை நிறைவேற ஆறு வருசம்.

நாங்கள் ஒரு சின்ன வேலை தொடங்குகிறோம். உள்ளூர்ச் சந்தையில் அதிகம் விற்கிற மூன்று தேயிலைப் பைக்கற்றுகளை வாங்கி, அவற்றைப் பொதி செய்கிற கம்பனிகளுக்குத் தமிழில் கடிதம் அனுப்புகிறோம். கேட்பது இரண்டு விசயம். இந்தப் பைக்கற்றில் எந்தெந்த மார்க் கலந்திருக்கு? அந்தத் தோட்டங்களில் கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிறார்களா? அதே கேள்வியை எங்கட பல்கலைக்கழகச் சிற்றுண்டிச்சாலைக்குத் தேயிலை வழங்குகிறவரிடமும் கேட்கிறோம். பதில் வந்தால் ஒரு வரி மாற்றாமல் போடுவம். வராவிட்டால் எந்தத் திகதியில் அனுப்பினது, எத்தனை நாள் காத்திருந்தது என்று கம்பனியின் பெயரோடு போடுவம். நீங்கள் படிக்கிற, வேலை செய்கிற இடத்துக்கு யார் தேயிலை குடுக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கோ, அடுத்த கடிதக் கட்டு அங்கே போகவேணும்.